ஏலாக்குறிச்சி மாதா முன்னால் அப்பாவின் குரல்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, அப்பாவுக்குப் பேச்சு திரும்புமா என்று டாக்டரே பிடிகொடுக்காமல் இருந்த சமயத்தில் அம்மா நேர்ந்துகொண்டார்: "குரல் மட்டும் வந்துட்டா, ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிட்டு வந்து உன் முன்னாடி தேம்பாவணி பாட வைக்கிறேன், தாயே." அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஞானஸ்நானப் பெயரும் சூசை. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரை வளன் என்று காவிய நாயகனாக்கி, 3,615 பாடலில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் என்றால் அவருக்கு உயிர். அம்மாவுக்கு வேறெந்த நேர்ச்சை தோன்றும்?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, கொள்ளிடப் பாலம், திருமானூர் வழியாகப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். இறங்குவதற்குள் மெழுகுவத்தியைக் கையில் திணித்து, "வாங்காமப் போனா மாதா கோவிச்சுக்குவா" என்றார் ஒருவர். மாதாவை வைத்தா மிரட்டுவது! அம்மா அவரை நாலு வார்த்தை கேட்டார். கேட்டுவிட்டு வாங்கவும் செய்தார்.

பீடத்தருகே ஒரே தள்ளுமுள்ளு. "நகருங்க, நகருங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு "சீரிய உலகம் மூன்றும்" என்று எடுத்தார். பக்கத்து வகுப்புவரை கேட்ட குரல் அது. இப்போது கரகரத்தது, ஒலிபெருக்கி ஜெபமாலையில் கரைந்துபோனது. இரண்டாம் அடியில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். விரட்டியவரும் பேசாமல் நின்றார். நாலு அடியும் முடித்தார். முடித்துவிட்டார், தாயே!

இத்தாலியில் 1680-ல் பிறந்த சேசு சபைக் குருவான வீரமாமுனிவர் இங்கே வந்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்து, அவள்மேல் கலம்பகமும் பாடினார். அவர் தமிழ்தான் இன்று எங்கள் வீட்டு ஜெபமானது.

தேவ அருள் இலவசம், நேர்ச்சை அதற்குக் கூலியல்ல என்று பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். சரிதான், சாமி. ஆனால் நெஞ்சு முட்ட நிற்கிற இந்த நன்றியை நாங்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அறுவை அறை வாசலில் நின்றது, அப்பா முதன்முதலாகத் தண்ணீர் கேட்டது எல்லாம் ஒன்றாகப் பொங்கி வர, கேட்க வைத்திருந்த மற்ற வேண்டுதல் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

திரும்பும் வழியிலேயே அம்மா அடுத்ததை நேர்ந்துகொண்டார்: கோணான்குப்பம் பெரியநாயகி மாதா. அதுவும் முனிவர் எழுப்பிய கோயில்தானாம். அப்பா இன்னும் இரண்டு பாட்டு மனப்பாடம் செய்ய வேண்டுமாம்.