எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிய 1000 ஜிகாபைட்

2022 கடைசியில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கணக்குப் பிரிவு அக்கா க்ளவுட் பில்லை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். அதை யாராவது அச்செடுத்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு வரியில் மட்டும் மஞ்சள் மை பூசியிருந்தார்.

"தம்பி, சர்வருக்குக் காசு கட்டுறோம், அது புரியுது. இந்த ஈபிஎஸ்னு ஒண்ணு இருக்கே, அது என்ன? போன மாசம் டெஸ்ட் சர்வரை எல்லாம் நிறுத்தி வச்சோம்னீங்க, இது மட்டும் ஒரு பைசா குறையலையே?"

சரியான கேள்வி. நாங்கள் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் தரும் சின்ன நிறுவனம், சர்வர்கள் எல்லாம் அமேசானின் க்ளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜியனில். அங்கே சர்வர் வேறு, டிஸ்க் வேறு. ஈபிஎஸ் என்பது நெட்வொர்க் வழியாக சர்வரோடு சேர்க்கிற டிஸ்க், 2008-இலிருந்து இருக்கிறது. சர்வரை நிறுத்தினால் சர்வர் கட்டணம் நிற்கும், டிஸ்க் அப்படியே இருப்பதால் அதன் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்பதற்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை, எவ்வளவு கேட்டு வாங்கினோமோ அதற்குத்தான் காசு. ஆள் ஊருக்குப் போனாலும் வீட்டு வாடகை நிற்காது இல்லையா, அந்த மாதிரி என்று சொல்லி வைத்தேன். அக்கா பில்லின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "ஊருக்குப் போனா சரி. ஆளே இல்லாத வீட்டுக்கும் சேர்த்துக் கட்டுறீங்களோன்னு பார்த்தேன்" என்றார்.

அவர் போன பிறகு எல்லா வால்யூம்களையும் (ஈபிஎஸ் டிஸ்க்குக்கு அங்கே அதுதான் பெயர்) செலவு வாரியாக வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் இருந்தது நானே உருவாக்கியது.

அந்தக் கதை 2019-இல் ஆரம்பிக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய 11ஆம் தேதிதான் கடைசி நாள், ஆகவே மாதா மாதம் 10, 11 தேதிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பனை அறிக்கையை இறக்குவார்கள், மற்ற நாட்களில் சர்வர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த வருடம் ஒரு மாதம் 10ஆம் தேதி காலை பதினொன்றரைக்கு எல்லாம் நின்றுபோனது. சிபியு 20 சதவீதம்கூட இல்லை, மெமரி காலியாக இருக்கிறது, ஆனால் ஒரு பில்லைத் திறக்க நாற்பது நொடி ஆகிறது. ஃபோன்கள் அடிக்க ஆரம்பித்தன. நான் செய்த முதல் காரியம் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தது. அது முழு முட்டாள்தனம் என்பது பிறகுதான் புரிந்தது: ஏற்கெனவே படித்து மெமரியில் வைத்திருந்த கொஞ்சநஞ்ச தரவும் போய், எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்தே மறுபடி படிக்க வேண்டியதாயிற்று, டிஸ்க்தான் அன்றைய நோயாளி.

டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கருவியை ஓட்டிப் பார்த்தபோது, படிப்பதும் எழுதுவதும் சேர்ந்து நொடிக்கு 600. இரண்டு நிமிடம் பார்த்தேன், 598, 601, 600. இயற்கையான சுமை இவ்வளவு நேர்கோட்டில் வராது, எங்கேயோ ஒரு குழாய் அளவு வைத்து ஊற்றுகிறது. எங்கள் வால்யூம் 200 ஜிகாபைட், ஜிபி-2 வகை. (ஜிபி-2, ஜிபி-3 என்று எழுதுவது டிஸ்க்கின் வகை. அளவைச் சொல்லும்போது ஜிகாபைட் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பும்.) ஜிபி-2 கணக்கு இப்படி: ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ், அதாவது நொடிக்கு மூன்று முறை படிக்கவோ எழுதவோ செய்யலாம். 200-ஐ மூன்றால் பெருக்கினால் 600.

அப்படியானால் அதுவரை எப்படி ஓடியது? சின்ன வால்யூம்களுக்குச் சேமிப்பு மாதிரி ஒரு கிரெடிட் கணக்கு உண்டு, அதில் அதிகபட்சம் 54 லட்சம் கிரெடிட் இருக்கும், அது இருக்கும்வரை 3000 ஐஓபிஎஸ் வரை போகலாம். நொடிக்கு 3000 செலவு, 600 வரவு, அதாவது நிகரமாக 2400 கரைகிறது. 54 லட்சத்தை அதால் வகுத்தால் 37 நிமிடம் சொச்சம். மற்ற மாதங்களில் கூட்டம் அதற்குள் கலைந்திருக்கிறது. அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த கடைகள் அதிகம், கூட்டம் கலையவில்லை, கையிருப்பு தீர்ந்துவிட்டது. அந்தக் கையிருப்பு எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்ட ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புக் கருவியான க்ளவுட்வாட்சில் ஒரு வரைபடமே இருக்கிறது. எங்களில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

தப்பு எங்களுடையது, தீர்வு எளிதாக இருந்தது. ஈபிஎஸ் வால்யூமை சர்வர் ஓடும்போதே பெரிதாக்கலாம், 2017-இலிருந்து அந்த வசதி உண்டு. 1000 ஜிகாபைட் ஆக்கினால் நிரந்தரமாக 3000 ஐஓபிஎஸ், கிரெடிட் தொல்லையே இல்லை. ஆக்கினேன். மதியத்துக்குள் எல்லாம் சரியாயிற்று. மும்பை விலையில் ஜிகாபைட்டுக்கு மாதம் 0.114 டாலர், 23 டாலருக்கும் குறைவாக இருந்தது 114 டாலர் ஆனது, அன்றைக்கு யார் அதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? டேட்டாபேஸின் நகலாக ஓடும் ரெப்ளிகாவுக்கும் அதே அளவு போட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. வெளியிடுமுன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வருக்கும். உள்ளே இருந்த தரவு அப்போது 80 ஜிகாபைட்கூட இல்லை.

வேகத்துக்காக இடத்தை வாங்கினோம் என்பதுதான் அதன் சாரம், அந்தக் காலத்தில் அது நியாயமான வழியும்கூட. ஆனால் 2020 டிசம்பரில் ஜிபி-3 வந்தது. 10 ஜிகாபைட் வாங்கினாலும் 3000 ஐஓபிஎஸ், நொடிக்கு 125 எம்பி (மெகாபைட்) தரவு, கிரெடிட் என்ற பேச்சே கிடையாது, விலையும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நான் 1000 ஜிகாபைட் வாங்கியதற்கு இருந்த ஒரே காரணம் அன்றோடு காலாவதி. அதற்கு அப்புறமும் இரண்டு வருடம் கட்டிக்கொண்டிருந்தோம். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை, அதுவும் ஒருமுறை படுத்து எழுந்த ஒன்றை, யார் போய்த் தொடுவார்கள்?

பட்டியலில் கீழே இறங்க இறங்க எல்லாவற்றிலும் இதே வாடை. ஒரு ரிப்போர்ட் டேட்டாபேஸ், 100 ஜிகாபைட், ஐஓ-1 வகை, 5000 ஐஓபிஎஸ் தனியாகக் காசு கொடுத்து வாங்கியது. ஐஓ-1-இல் இடத்துக்குக் கொடுப்பதைவிட ஐஓபிஎஸ்-க்குக் கொடுப்பது பல மடங்கு. வைத்தவரைக் கேட்டேன். "அண்ணா, ஒரு கஸ்டமர் டெமோல ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு, எம்டி பக்கத்துல உட்கார்ந்திருந்தார்" என்றான். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. என் 1000 ஜிகாபைட்டுக்கும் அவனுடைய 5000-க்கும் என்ன வித்தியாசம்? இருவருமே ஒரு நாள் பட்ட பயத்துக்கு மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு பெரிய டிஸ்க் எதைக் கண்டாலும், எவ்வளவு உபயோகம் என்று பார்ப்பதற்கு முன்னால், இதை உருவாக்கிய அன்று என்ன நடந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அதைக் கேட்காமல் குறைத்தால் அடுத்த மாதமே அவர்கள் திரும்ப ஏற்றிவிடுவார்கள்.

பயத்துக்குப் பதில் சொல்ல வரைபடம் வேண்டும், அதிலும் ஒரு சிக்கல். க்ளவுட்வாட்ச் ஒரு நிமிடக் கணக்கை 15 நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் ஐந்து நிமிடமாகத் திரட்டி 63 நாள், அதற்கும் மேலே ஒரு மணி நேரமாக. எங்கள் உச்சம் வருவது 10, 11 தேதிகளில். நான் முதலில் 28ஆம் தேதி உட்கார்ந்து பார்த்தேன், எல்லாம் சமவெளியாக இருந்தது, ஆகா 800 ஐஓபிஎஸ் போதும் என்று எழுதியும் வைத்துவிட்டேன். நிமிடக் கணக்கு அதற்குள் போயிருந்தது, நான் பார்த்தது சராசரி. அடுத்த மாதம் 12ஆம் தேதி காலையில் பார்த்தபோது 2400 வரை முட்டிய நிமிடங்கள் இருந்தன. 3000-க்குள்தான், ஆனாலும் 800 இல்லை. அந்த ஐஓ-1 வால்யூம் 900-ஐத் தாண்டவே இல்லை, அதை ஜிபி-3-க்கு மாற்றியதில் மட்டும் அந்த மாதக் குறைப்பில் பெரும் பங்கு வந்தது.

அக்கா சொன்ன ஆளில்லாத வீடுகளும் இருந்தன. சர்வரை அழிக்கும்போது அதன் ரூட் டிஸ்க், அதாவது சர்வர் கிளம்பும் டிஸ்க், வழக்கமாகக் கூடவே அழியும், பிற்பாடு தனியாகச் சேர்த்த டிஸ்க் அழியாது, எதோடும் சேராமல் அப்படியே கிடக்கும், பில் வரும். இருபதுக்கு மேல் கிடந்தன. ஒன்றின் பெயர் "ஓல்டு டெஸ்ட் டூ நாட் டெலீட்". யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை, வைத்தவர் வேலையை விட்டே போயிருக்க வேண்டும். அழிக்க எனக்கும் தைரியம் இல்லை. ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நகல், ஒன்று எடுத்து, அதை ஆர்க்கைவ் அடுக்குக்குத் தள்ளிவிட்டு வால்யூமை அழித்தேன். அதில் வைத்தால் கட்டணம் நான்கில் ஒரு பங்கு, ஆனால் 90 நாளாவது வைத்திருக்க வேண்டும். இன்றுவரை யாரும் தேடி வரவில்லை. நானும் அழிக்கவில்லை.

சரி, என்னுடைய வால்யூமுக்கு வருவோம். முதல் படி, அளவை மாற்றாமல் ஜிபி-2-ஐ ஜிபி-3 ஆக்குவது. சர்வரை நிறுத்தவே வேண்டாம், மாற்றிவிட்டுப் போய்த் தூங்கலாம் என்று இரவு பதினொரு மணிக்கு மாற்றினேன். எங்களுக்கு இரவு 2 மணிக்கு ஒரு வேலை ஓடும், அன்றைய விற்பனை முழுவதையும் கூட்டித் தொகுக்கும், பெரிய அட்டவணைகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும், மூன்றரைக்குள் முடிந்துவிடும். அன்று நாலரைக்கு அலாரம் வந்தது, வேலை இன்னும் முடியவில்லை.

ஐஓபிஎஸ் 3000-க்கு 3000, அதை மட்டும்தான் நான் ஒப்பிட்டிருந்தேன். ஆனால் 334 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள ஜிபி-2 வால்யூமுக்கு நொடிக்கு 250 எம்பி கிடைக்கும். ஜிபி-3-இல் சும்மா கிடைப்பது 125. சின்னச் சின்னதாகப் படிக்கும் பகல் வேலைக்கு இது தெரியவே தெரியாது, நீளமாகப் படிக்கும் இரவு வேலைக்கு வேகம் நேர் பாதி. ஏற்றிக்கொள்ளலாம், கூடுதல் 125-க்கு மாதம் ஆறு டாலருக்குள்தான் ஆகும். உடனே ஏற்றப் பார்த்தேன், முடியாது என்றது. ஒருமுறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பதினொன்றும் ஆறும் கூட்டி ஐந்து. டீ போட்டுக் குடித்துவிட்டுக் கடிகாரத்தையும் கன்சோலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிஸ்க்கின் வேகத்தை ஏற்றிவிட்டால் போதாது, சர்வருக்கும் ஒரு வாய் அளவு இருக்கிறது. ஸ்டேஜிங்கில் ஒருவர் 500 எம்பி வேகம் வாங்கிப் போட்டிருந்தார், சர்வர் எம்-5 லார்ஜ் என்ற வகை. அது நிரந்தரமாகத் தாங்குவது நொடிக்கு 81 எம்பி சொச்சம்தான், அதற்கு மேல் கொஞ்ச நேரம் மட்டும் பாயும். வாங்கியதில் பெரும்பகுதி சும்மா கிடந்தது.

இரண்டாவது படிதான் உண்மையான வேலை, சுருக்குவது. ஈபிஎஸ் வால்யூமைப் பெரிதாக்கத்தான் முடியும், சின்னதாக்க முடியாது. போதாக்குறைக்கு எங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ், அதுவும் சுருங்காது. ஆகவே புதிதாக ஒரு சின்ன வால்யூமில் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸின் ரெப்ளிகா ஒன்றைக் கட்டி, அது முன்னவனை எட்டிப் பிடித்த பிறகு ஒரு ஞாயிறு இரவு அதையே தலைமைக்கு உயர்த்துவது என்று முடிவு செய்தோம். ஒத்திகைக்கு ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு டெஸ்ட் சர்வர் எழுப்பினோம், அது படு மந்தம். ஜூனியர் பையன் உடனே, "அண்ணா, ஜிபி-3 நமக்கு ஒத்து வரல, பழசுக்கே போயிடலாம்" என்றான். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த வால்யூமில் தரவு முழுவதும் உடனே வந்து உட்காராது, ஒரு பகுதியை முதல் முறை தொடும்போதுதான் ஸ்னாப்ஷாட் இருக்கும் எஸ்-3 என்ற சேமிப்பிலிருந்து இழுத்து வரும். முழு டிஸ்க்கையும் ஒருமுறை படித்து முடித்துவிட்டு அதே டேட்டாபேஸ் கேள்விகளை (க்வெரிகளை) ஓட்டினோம், பழைய வேகம் வந்துவிட்டது. வேறு ஒன்றின் குற்றத்துக்கு ஜிபி-3 மாட்டிக்கொள்ள இருந்தது.

புதிய வால்யூமை உருவாக்க உட்கார்ந்தபோது கணக்கெல்லாம் கையில் இருந்தது. தரவு 140 ஜிகாபைட், வருடத்துக்கு ஏறுவது இருபதிலிருந்து முப்பதுக்குள், 300 போட்டால் ஐந்து வருடத்துக்குத் தாராளம். தேவைப்பட்டால் ஓடும்போதே ஏற்றிக்கொள்ளலாம், திரும்பக் குறைக்கத்தான் இவ்வளவு பாடு, இதை மற்றவர்களுக்கு ஒரு மாதமாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 300 என்று அடித்தேன். பக்கத்தில் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த 10ஆம் தேதி காலையும் ஃபோன் சத்தமும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, அழித்துவிட்டு 350 என்று அடித்தேன். அவன் எதுவும் சொல்லவில்லை, சிரித்தான்.

அந்த 50 ஜிகாபைட்டுக்கு மாதம் நாலரை டாலர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அக்கா இதுவரை கேட்கவில்லை.