நோட்டில் எழுதாமல் விட்ட இரண்டு நாள்

முப்பத்துநாலு வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். அடுத்தவர் எழுத்தில் காலும் கொம்பும் புள்ளியும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதே பிழைப்பு. ஆறு வருடத்துக்கு முன், ரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பிரஷர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர், சிறுநீரில் போகும் அல்புமின் என்ற புரதம். அந்த நோட்டில் இரண்டு நாள் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. சிறுநீர் சிவப்பாகப் போன இரண்டு நாள்.

வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. மூன்றாம் நாள் தானாகத் தெளிந்துவிட்டது. கிட்னி பழுதானவனுக்கு இதெல்லாம் வரும்தானே என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. எழுதி வைத்தால் யாராவது கேட்பார்கள் என்ற பயமும் இருந்திருக்கலாம். ஏழு வாரம் கழித்து மறுபடி வந்தது, இந்தத் தடவை சின்னச் சின்ன ரத்தக்கட்டிகளோடு. அப்போதும் ஓடவில்லை. அடுத்த வாரம் எப்படியும் சிறுநீரகம் பார்க்கும் நெஃப்ராலஜி டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "வலி இருந்ததா?"

"இல்லைங்க டாக்டர். அதனாலதான் பெரிசா எடுத்துக்கல."

"வலி இல்லாததாலதான் பெரிசா எடுத்துக்கணும்."

அப்புறம் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். சிறுநீரகத்தின் வடிகட்டி வழியாகக் கசியும் சிவப்பணுக்கள் பிழிபட்டு உருக்குலைந்து வரும். சிறுநீர் பெரும்பாலும் பழுப்பாக இருக்கும், கூடவே புரதமும் ஏறியிருக்கும். கட்டி கட்டியாக ரத்தம் வருவது அங்கிருந்து அல்ல. என் அல்புமின் இரண்டு வருடமாக அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. ரத்த அழுத்தத்தால் தேய்ந்த சிறுநீரகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் விடுவது வழக்கமில்லை. அந்த அல்புமின் கணக்கெல்லாம் என் கையெழுத்தில் என் நோட்டிலேயே இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

சிகரெட் பற்றிக் கேட்டார். இருபத்திரண்டு வருடம் குடித்தேன், விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. விட்டதும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆபத்து குறையும், ஆனால் குடிக்காதவர் அளவுக்கு இறங்காதாம். புகையிலுள்ள நச்சு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் அதை வடித்து அனுப்ப, மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையின் உள்சுவரில் ஊறிக்கிடக்கிறது. சாயப் பொருட்களோடு வேலை செய்ததுண்டா என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1895-லேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நான் அச்சகத்தில் இருந்தவன்தான், ஆனால் மையைக் கலக்கியதில்லை, காய்ந்தபின் படித்ததோடு சரி.

அல்ட்ராசவுண்டில் சிறுநீர்ப்பைச் சுவரில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்று முக்கியமாகப் பார்த்தார்கள். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயின் வாயைக் கட்டி அடைத்தால் சிறுநீர் மேலே தேங்கி, ஏற்கெனவே நொந்த சிறுநீரகம் இன்னும் கெடும். நல்லவேளையாக வீக்கம் இல்லை. யூராலஜி டாக்டர் மரத்துப்போகும் ஜெல் தடவி மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆண்கள் இதற்குப் பயந்து தள்ளிப்போடுகிறார்கள் என்று கேள்வி. கூச்சம்தான் அதிகம், வலி குறைவு. திரையில் அது கடற்பாசி போல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அழகாக இருந்தது என்று சொன்னால் மனைவி திட்டுகிறாள்.

இங்கிருந்துதான் இரண்டு வியாதியும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தன. சிறுநீரகத்திலும் குழாயிலும் வேறு கட்டி இருக்கிறதா என்று பார்க்க, படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தத்தில் ஏற்றி சிடி ஸ்கேன் எடுப்பது வழக்கம். என் இஜிஎஃப்ஆர் அப்போது 38. அந்த எண்ணுக்கு மருந்து ஏற்றவே கூடாது என்றில்லை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று முன்பு பயந்த அளவுக்கு இப்போது பயப்படுவதில்லையாம். இருந்தாலும் இரண்டு டாக்டர்களும் போனில் பேசி, எப்படியும் மயக்க மருந்து கொடுக்கப் போகிறோமே, அப்போதே கீழிருந்து குழாய்க்குள் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படிச் செய்தால் மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சிறுநீரகத்தைக் காக்க நான் சாப்பிட்டு வந்த எம்பாகிளிஃப்ளோசினை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள்.

கத்தி வைக்கவில்லை. அதே வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பயாப்சி முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் யூராலஜி டாக்டர் சொன்ன ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கட்டி தசைக்குள் இறங்கியிருந்தால், வழக்கமாக சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ முதலில், பிறகு சிறுநீர்ப்பையையே எடுப்பது. ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. இஜிஎஃப்ஆர் 60-க்கு மேல் இருந்தால்தான் தயக்கமில்லாமல் கொடுப்பார்கள். குடல் துண்டால் புதுச் சிறுநீர்ப்பை தைத்து வைப்பதற்கும் சிறுநீரகம் ஓரளவு திடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் குடல் சிறுநீரிலுள்ள கழிவைத் திரும்ப உறிஞ்சும். அதாவது 38 என்பது இதுவரை எனக்கு டயாலிசிஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் எண். இப்போது அது புற்றுநோய்க்கு எந்தெந்தக் கதவு திறக்கும் என்று சொல்லும் எண்ணாகிவிட்டது. ஆறு வருடமாக உப்பைக் குறைத்து, பிரஷர் மாத்திரை தவறாமல் போட்டு, நான் காப்பாற்றி வைத்திருந்தது இதைத்தானா என்று தோன்றியது. இன்னும் இருபத்துச் சொச்சம் கூடுதலாக இருந்திருக்கக் கூடாதா என்றும் தோன்றியது.

முடிவு வந்தது. வீரியம் அதிகமான வகை, உள்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கு வரை, அந்தக் கட்டத்துக்கு டி1 என்று பெயர். மாதிரியில் தசையும் வந்திருந்தது, தசையில் கட்டி இல்லை. அந்த இரண்டாவது வரி முக்கியம். தசையே வராத மாதிரியை வைத்துக்கொண்டு தசை சுத்தம் என்று சொல்ல முடியாது. ஐந்து வாரம் கழித்து மறுபடி சுரண்டிப் பார்த்தார்கள். மிச்சம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய தாளில் ஒரு கூத்து நடந்தது. மாத்திரைப் பட்டியலை நான் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தேன். மனைவி ஒரு தடவைதான் பார்த்தாள். "என்னங்க, இந்த வலி மாத்திரை உங்களுக்கு வேணாம்னு கிட்னி டாக்டர் சொன்னதுதானே?" டைக்ளோஃபெனாக். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் ரகம். யாரோ வழக்கமான பட்டியலை அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். போன் செய்தோம், பாராசிட்டமால் என்று மாற்றினார்கள். மெய்ப்புத் திருத்துபவன் என்று இனி வீட்டில் வாய் திறக்க முடியாது.

அப்புறம் பிசிஜி. காசநோய்க்குக் குழந்தையில் போடுகிறார்களே, அதே கிருமிதான். கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் குழுவினர் 1976-ல் ஒன்பது நோயாளிகளிடம் இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி எழுதிய கட்டுரையிலிருந்து இந்த வழி தொடங்கியது. கிருமி உடம்பின் படையை அங்கே கூட்டிவர, அந்தப் படை கட்டியின் மிச்சத்தையும் தின்றுவிடும். மருந்து பைக்குள்ளேயே நின்று வேலை செய்வதால் என் 38-க்குத் தொந்தரவில்லை. வாரம் ஒன்றாக ஆறு வாரம். செலுத்தி இரண்டு மணி நேரம் அடக்கிவைக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கழிவறையில் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம் எரிச்சலும், சாயங்காலம் உடம்பு முறிகிற மாதிரி ஒரு அலுப்பும். ஐந்தாவது வாரம் சிறுநீரில் ரத்தம் தெரிந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். புண்பட்ட சுவர் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போய்விடக் கூடாதாம். இந்தத் தடவை ரத்தம் வந்ததை அன்றே எழுதி, அன்றே சொன்னேன்.

போன வாரம் மூன்றாவது கேமராப் பரிசோதனை. பாசி இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு. டாக்டர் அதைச் சுற்றி இரண்டு முறை கேமராவைத் திருப்பிக் காட்டினார். இஜிஎஃப்ஆர் 37. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் பிரஷருக்குப் பக்கத்தில் ‘நிறம்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். வெறுமையாக விட்ட அந்த இரண்டு நாளையும் இப்போது நிரப்பலாம் என்று பேனாவை எடுத்தேன். தேதி இருக்கிறது, பிரஷர் எவ்வளவு என்று ஞாபகமில்லை. நிறத்தை மட்டும் எழுதினேன்.