மருந்தடிச்ச பலகையும் கறள் பிடிச்ச ஆணியும்

கனடாவில், ஏஜாக்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஏற்கனவே ஒரு டெக், அதாவது வீட்டோடு ஒட்டிய மரத்தளம், இருந்தது. 2005இல் கட்டியதாம். பலகை ஒன்றும் உழுக்கவில்லை, பார்வைக்கும் வடிவு. போன வைகாசியில் பார்பிக்யூ அடுப்பைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் வீட்டோடு ஒட்டிய பக்கம் ஒருக்கால் இறங்கி ஏறியது.

மச்சான் தச்சு வேலைக்காரன். வந்து, சுவரோரப் பலகைகள் இரண்டைக் கழற்றினான். அடியில், வீட்டுச் சுவரில் பூட்டியிருந்த லெட்ஜர் பலகையின் மேல் மழைத்தண்ணி உள்ளே போகாமல் தடுக்க ஒரு அலுமினியத் தகரம் மடித்து வைத்திருந்தார்கள். ஃபிளாஷிங் என்பது அதைத்தான். அதில் கொஞ்சத்தை இழுத்தான், கையோடு கிழிந்து வந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் அரிதட்டு மாதிரி ஓட்டை. மற்றப் பக்கம் முழுக்க விபூதி போல வெள்ளைப் பொடி, விரலில் ஒட்டியது. தளத்தைத் தாங்கும் குறுக்குமரங்களை லெட்ஜரோடு பிடிக்கிற இரும்புக் கொளுவி, ஜோயிஸ்ட் ஹேங்கர், அதில் இருந்த ஆணிகளில் மூன்றின் தலை சுத்தியல் பட்டதுமே விழுந்தது. தகரம் ஓட்டையானதால் தண்ணி இறங்கி, லெட்ஜருக்குப் பின்னால் வீட்டின் சொந்த மரம் கரண்டியால் தோண்டக்கூடிய பதத்துக்கு வந்திருந்தது.

எனக்கு விளங்காதது இதுதான்: பக்கத்து வீட்டு டெக் 90களில் கட்டியது. அதிலும் இதே மாதிரி, உழுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பச்சை நிறப் பலகை, சாதாரண ஆணி. அது இன்னும் அசையவில்லை.

“அத்தான், அது பழைய மருந்து. இது புது மருந்து” என்றான் மச்சான்.

முன்பு பலகைக்கு ஏற்றிய மருந்து சிசிஏ. செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்தது. ஆர்செனிக்குக்குப் பயந்து, 2003 முடிவோடு வீட்டுப் பாவனைப் பலகைக்கு அதை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்திவிட்டார்கள். பதிலாக வந்தவை ஏசிக்யூவும் செம்பு அசோலும். இவற்றில் செம்பின் அளவு கூட. உலோகத்தைக் காத்துவந்த குரோமியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலுக்குள் இரும்பாணியைப் போட்டு, அது சிவப்பாவதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? ஈரப் பலகைக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுவே. செம்பு வந்து படிய, அலுமினியமோ நாகமோ (துத்தநாகம்) இரும்போ கரைந்து போகிறது. அலுமினியம்தான் முதலில் போகும். மரம் உழுக்காமல் இருக்க ஏற்றிய மருந்து, மரத்தைத் தாங்கும் ஆணியைத் தின்றிருக்கிறது.

நகரசபை அனுமதி எடுத்து எல்லாவற்றையும் பிரித்தோம். அந்தக் கதை தனி, இங்கே வேண்டாம்.

ஃபிளாஷிங்குக்கு எதைப் போடுவது என்று இரண்டு நாள் வாக்குவாதம். செப்புத் தகரம் பலகையோடு சண்டை பிடிக்காது. ஆனால் அதில் வழியும் தண்ணி கீழே ஹேங்கரின் நாகப் பூச்சில் விழுந்து அதைக் கெடுக்கும், விலையும் கை வைக்க முடியாது. ஸ்டெயின்லெஸ் போட்டால் ஹேங்கர், ஆணி எல்லாமே ஸ்டெயின்லெஸ்ஸாகப் போடவேண்டும். நாகம் பூசியதோடு அது தொட்டால் நாகம்தான் சீக்கிரம் சாகும். கடைசியில் வினைல் என்கிற பிளாஸ்டிக் ஃபிளாஷிங் வாங்கினோம். லெட்ஜரின் தலையில் முதலில் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டும் நாடா) ஒட்டி, அதற்கு மேல் வினைல், ஈரம் போகாமல் சுவரில் சுற்றிய ஹவுஸ் ராப் விரிப்பு அதன் மேல் விழும்படி. கூரை ஓடு மாதிரி, மேலது எப்போதும் கீழதை மூடவேண்டும். தார் கலந்த டேப் மலிவு என்றாலும் வினைலோடு ஒத்துவராது, அதனால் தொடவில்லை. அலுமினியத்தைத்தான் போடுவேன் என்பவர்கள், பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே பியூட்டைல் டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டியே ஆகவேண்டும்.

ஹேங்கர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். சாதாரணமாகத் தொங்குவது ஜி 90. எங்களுக்கு வேண்டியது ஜி 185. நாகப் பூச்சு அதைவிட இரண்டு மடங்கு தடிப்பு. ஆணியும் போல்ட்டும் உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த ஹாட் டிப் வகை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஒரு பிழை விட்டேன். ஒரு பின்னேரம் ஆணி முடிந்துவிட்டது, மழையும் வரப் பார்த்தது. கராஜில் ஒரு பெட்டி ஆணி கிடந்தது, “கால்வனைஸ்டு”, நாகம் பூசியது, என்றும் போட்டிருந்தது. நான்கு ஹேங்கரை அதால் அடித்து முடித்தேன். அடுத்த நாள் மச்சான் குனிந்து பார்த்துவிட்டு ஒரு ஆணியை என் உள்ளங்கையில் வைத்தான். பக்கத்தில் ஹாட் டிப் ஆணி ஒன்று. என்னுடையது வழவழவென்று மினுங்கியது. மற்றது சாம்பல் நிறம், சொரசொரப்பு, தலையடியில் நாகம் திட்டுத்திட்டாய்க் கட்டியிருந்தது. மினுங்குவது மின்முலாம் பூசியது, அந்தப் பூச்சு சில மைக்ரோன்தான். பெட்டியில் எழுதியிருப்பது ஒரே சொல், ஆயுளோ மலையும் மடுவும். நாற்பது ஆணியையும் நானே பிடுங்கினேன். பலகையில் விழுந்த காயத்தைப் பார்த்து மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது.

கடையில் வாங்கும்போது பலகை நனைந்த துணி மாதிரிப் பாரமாக இருக்கும். அரிப்பு கூடுவதும் அந்த ஈரத்தில்தான். அதனால் மூன்று கிழமை குச்சிகளை இடையில் வைத்து அடுக்கிக் காற்றாட விட்டோம். வெட்டிய நுனிகளுக்குச் செப்பு நாப்தனேட் என்ற மர மருந்து பூசினோம். பச்சை நிறம், கையில் பட்டால் இலேசில் போகாது. மேல் பலகைக்கு ஸ்டெயின்லெஸ் திருகாணி. அவை ஹேங்கரைத் தொடுவதில்லை.

பனிக்காலத்தில் மகன் வழுக்காமல் இருக்க டெக்கில் உப்புத் தூவப் போனான். ஹேங்கருக்கு உப்புத்தண்ணியைப் போல எதிரி இல்லை என்று மறித்து, மண் வாளியைக் கொடுத்தேன். இந்தப் பங்குனியில் டோர்ச்சோடு அடியில் ஊர்ந்து பார்த்தேன். இரண்டு ஹேங்கரில் இலேசாய் வெள்ளை பூத்திருந்தது. நெஞ்சு திக்கென்றது, மச்சானுக்குப் படம் அனுப்பினேன். “புது நாகம் காற்றும் ஈரமும் பட்டால் அப்படித்தான் பூக்கும் அத்தான். சிவப்பாய்க் கண்டால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கோ” என்று எழுதியிருந்தான்.