எழுதாமல் விட்ட ஐதரசன்

உயர்தர வகுப்பில் எங்கள் இரசாயனவியல் சேர் பென்சீன் வளையம் கீறும்போது ஆறு மூலைகளையும் வெறுமையாகவே விடுவார். ஒவ்வொரு மூலையும் ஒரு காபன்; அதில் ஒரு ஐதரசன் ஒட்டியிருக்கும். "ஐதரசனை எழுதத் தேவையில்லை பிள்ளையள். அது அங்கதான் இருக்கு, எங்கயும் போகாது" என்பார். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத 90களின் தொடக்கம் அது. இரவில் ஜாம் போத்தல் விளக்கடியில் அந்த வெறும் மூலைகளையே நானும் கொப்பி நிறையக் கீறினேன்.

அதே சேர்தான் ஒருநாள், பாடத்திட்டத்தில் இல்லாத கதை ஒன்றும் சொன்னார். பொலிஅசற்றிலீன் என்றொரு பல்பகுதியம், அதாவது சிறு அலகுகள் கோர்த்த நீண்ட சங்கிலி. 1977இல் அதற்கு அயடீன் சேர்த்ததும் உலோகம்போல மின்னைக் கடத்தியதாம். "ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரவேணும். அப்பதான் இலத்திரனுக்குப் பாதை கிடைக்கும்." அந்தப் பாடம் என்னைக் கனடா வரைக்கும் கூட்டிவந்தது.

2008இல் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு, அப்படி மின் கடத்தும் பல்பகுதியங்களையே கேட்டு வாங்கினேன். நான்கு காபனும் ஒரு கந்தகமும் கொண்ட தயோபீன் வளையங்களைச் சங்கிலியாகக் கோர்க்கும் வேலை. அப்போது பரவலாக இருந்தது ஸ்ரில் முறை. ஒரு துண்டின் இரு முனையிலும் புரோமின், மற்றத் துண்டின் இரு முனையிலும் வெள்ளீயம். பலேடியம் ஊக்கி நடுவில் நின்று இரண்டையும் இணைக்கும். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு பங்கு வெள்ளீயக் கழிவு. மும்மெதைல் வெள்ளீயச் சேர்வைகள் நரம்பைத் தாக்கும் நஞ்சு. இரண்டு சோடி கையுறை போட்டு வேலை செய்தாலும், வீட்டுக்குப் போனதும் என் மகளைத் தூக்கப் பயப்படுவேன்.

அப்போதுதான் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் கீத் ஃபாக்னூவின் குழு 2006இல் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். பென்சீனின் காபன்–ஐதரசன் பிணைப்பு வலுவானது; அதை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 470 கிலோயூல் வேண்டும். அவர்களோ பலேடியத்துடன் கொஞ்சம் பிவாலிக் அமிலம் சேர்த்து அந்த இடத்திலேயே புதுப் பிணைப்பு உண்டாக்கியிருந்தார்கள். அந்த அமிலத்திலிருந்து வரும் பிவாலேற்று அயன் ஐதரசனை இழுக்கும் அதே கணத்தில் காபன் பலேடியத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளீயமே தேவையில்லை. வெளியேறும் அமிலத்தைப் பொற்றாசியம் காபனேற்று வாங்கிக்கொள்ளும். சேர் எழுதாமல் விட்ட அதே ஐதரசன்! ஃபாக்னூ 2009இல் எச்1என்1 காய்ச்சலில், 38 வயதில் இறந்துபோனார். அவரை நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் செய்தி கேட்ட அன்று ஆய்வுகூடத்தில் வேலை ஓடவில்லை. அடுத்த ஆண்டே கியோட்டோவில் ஒசாவாவின் குழு, ஐதரசனை நேரடியாக அகற்றும் வழியிலேயே, வளையங்கள் 98 வீதம் ஒரே திசையில் ஒழுங்காகக் கோர்த்த பொலிதயோபீன் (தயோபீன் சங்கிலி) ஒன்றைச் செய்து காட்டியது.

என்னுடையது அவ்வளவு இலகுவில் வரவில்லை. தயோபீனில் கந்தகத்துக்கு அருகிலுள்ள 2, 5 ஆம் இடத்து ஐதரசன்கள்தான் எங்களுக்கு வேண்டியவை. 3, 4 ஆம் இடத்தவையும் சில வேளை கழன்றுவிடும். அங்கே ஒரு கிளை முளைத்தால், கிளையோடு கிளை பின்னி முழுவதும் களியாகிவிடும். எந்தக் கரைப்பானிலும் கரையாது. ஏழு மாதம் குடுவையிலிருந்து களியைச் சுரண்டினேன். கடைசியில் அந்த இடங்களைப் பக்கச்சங்கிலிகளால் அடைத்து, வெப்பநிலையையும் குறைத்தேன். குடுவை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடுஞ்சிவப்பானது. சங்கிலி நீள நீள நிறம் கடுக்கும். அதை மெதனோலில் ஊற்றியபோது கத்தரிப்பூ நிற நூல்களாக இறங்கியது. அந்த நேரம் சேரைத்தான் நினைத்தேன்.

இப்போது நானும் படிப்பிக்கிறேன். தயோபீன் கீறினால் நான்கு ஐதரசனையும் எழுதுவேன், 2, 5 ஆம் இடத்தவற்றைச் சிவப்பில்.