'என்று' இல்லாத இடங்கள்

ஊட்டியில் ஒரு கல்லூரியில் 28 வருஷம் தமிழ் நடத்தினேன். கூடவே சிற்றிதழ்களுக்கு மதிப்புரை. அப்போது விமர்சனத்தில் க.நா.சு. கட்சி, செல்லப்பா கட்சி என்று இரண்டு உண்டு. ரசித்ததைச் சொல்லிவிட்டு நகர்வது ஒன்று, வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பது மற்றது. 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய செல்லப்பாவின் வழிக்கு அலசல் விமர்சனம் என்று பேர். நான் அலசல்காரன். ஊட்டிக் குளிரில் துணி அலசுவதைவிட அது சுலபம்.

அந்தத் திமிரில்தான் தப்பு நடந்தது. மதிப்புரைக்கு வந்த ஒரு நாவலில், ஆசிரியர் சொல்லிக்கொண்டு போகும்போதே பாத்திரத்தின் மனப்பேச்சு மேற்கோள் குறியோ 'என்று'வோ இல்லாமல் உள்ளே நுழைந்தது. நேர்கூற்றும் அயற்கூற்றும் குழம்பிக் கிடக்கின்றன, ஆசிரியர் இலக்கணம் பார்ப்பது நலம் என்று எழுதிவிட்டேன். அவர் பதில் போடவில்லை. திட்டியாவது ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

குழம்பியது நான்தான் என்று தெரிய ஓர் ஆங்கிலப் புத்தகம் வேண்டியிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். 2008-ல் வந்த ஜேம்ஸ் வுட்டின் 'ஹவ் ஃபிக்‌ஷன் ஒர்க்ஸ்'. கார்டியன், நியூ ரிபப்ளிக், 2007 முதல் நியூயார்க்கர் என்று பத்திரிகைகளில் எழுதியே தேறிய விமர்சகர் அவர். கதைசொல்லியும் பாத்திரமும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கும் விதத்தைப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறார்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது? 'தடையிலா மறைமுகக் கூற்று' என்று பலகையில் எழுதினேன். அரசாணை மாதிரி இருந்தது. அழித்துவிட்டு, தேயிலை பறிக்கும் ஒருத்தியை வைத்து இதை எழுதினேன்:

அவள் பையைப் பார்த்தாள். இன்னும் நாலு கிலோ வேண்டும் என்று நினைத்தாள்.

அதன் கீழே:

அவள் பையைப் பார்த்தாள். இன்னும் நாலு கிலோ. சங்கு ஊதறதுக்குள்ள தேறுமா?

'அவள்' ஆசிரியருடைய சொல். 'தேறுமா' அவளுடைய கவலை. நடுவில் 'என்று' ஒரு வேலி. பிடுங்கிவிட்டால் இரண்டு வீட்டு மாடும் ஒரே புல்லை மேயும். வேலியை உயர்த்திக் கட்டவும் நம்மிடம் வழி உண்டு. 'அவருக்கு உடம்பு சரியில்லையாம்' என்னும்போது அந்த 'ஆம்' கையையும் கழுவிக்கொள்கிறது, உதட்டையும் சுழிக்கிறது.

அந்த வகுப்பில் கூடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த குடும்பம். அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதிக் கொண்டுவந்தாள். முதல் வரியே 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்'.

"இதைப் பார்க்கிறது யாரும்மா?"

சிரித்துவிட்டாள். "பஸ்ஸுல வர்ற டூரிஸ்ட்டுங்க, ஐயா."

"அம்மாயி எதைப் பார்ப்பாங்க?"

"கால்ல ஏறுற அட்டையை."

கம்பளம் போயிற்று. மீதியில் ஐந்து இடத்தில் 'என்று நினைத்தாள்', 'என்று நினைத்தார்' வந்ததைப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். மறுவாரம் நாலை எடுத்திருந்தாள். மேஸ்திரி தராசைப் பார்த்து 'கிழவி ஏமாற்றுகிறாள் என்று நினைத்தார்' என்ற இடம் மட்டும் அப்படியே இருந்தது. மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா. அவர் நினைக்கிறதுக்கு நான் ஏன் பொறுப்பு ஏத்துக்கணும்? அங்க 'என்று' இருக்கட்டும்."