ஒன்பதாம் வகுப்பை ஆழியாறு கூட்டிப்போன கதை

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆழியாறு பக்கம் மலைநடைக்குக் கூட்டிப்போய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கவைத்து, பத்திரமாக அவரவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டோம். நடை நன்றாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பழங்குடி இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். எங்கள் பேச்சுக்கு அடங்காத பையன்கள் அவர் விரலை உதட்டில் வைத்ததும் வாயை மூடினார்கள். மற்றபடி சொல்வதற்கு இருப்பதெல்லாம் கிளம்புவதற்கு முன்னாலும் தங்கிய இடத்திலும் பட்ட பாடுதான்.

காட்டு அனுமதி கிடைக்காது என்றுதான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அது சுலபமாக முடிந்தது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரிலிருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' என்று இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். தேதியை மட்டும் கவனியுங்கள். காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது. முழுப்பரீட்சைக்கு முன்னால் ஓர் எட்டு போய்வரலாம் என்று கணக்குப் போட்டால் நடக்காது.

என்னை அலைக்கழித்தது வேறோர் அலுவலகம். பள்ளிப் பிள்ளைகளை இரவு வெளியே தங்கவைப்பதால் அங்கே ஒரு கையெழுத்து வேண்டும். பள்ளியின் கடிதத்தைக் கொடுத்தால், "தங்குற எடம் யாருதுங்க? அவருகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார் மேசைக்காரர். தோப்புக்காரரிடம் கடிதம் வாங்கிப்போனால், "வேன் பேப்பரெல்லாம் எங்கீங்க?" அதைக் கொண்டுபோனால், "பொம்பளப் புள்ளைங்க வர்றாங்கள்ல, கூட வர்ற டீச்சருங்க பேரு?" எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டேன். "ஒன்னொன்னாத்தானுங்க சார் பார்க்க முடியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஒன்று மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். வேனின் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) நாங்கள் திரும்புவதற்கு முந்தைய நாளோடு முடிகிறது என்பதைக் கண்டுபிடித்தது அவர்தான். வேன்காரர், "அதெல்லாம் ஒன்னும் ஆகாதுங்க" என்றார். ஆனால் என்ன செய்வது? வேறு வண்டி பிடித்தோம்.

அலுவலக வாசல் டீக்கடையில் இன்னொரு பள்ளியின் பி.டி. ஆசிரியர் தன் ஃபைலைப் பிரித்துக் காட்டியிராவிட்டால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். அவர் ஃபைலில் இருந்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பெற்றோர் கைப்பேசி எண், ரத்த வகை, பெற்றோர் கடிதங்கள், வேனின் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., ஓட்டுநரின் லைசென்ஸ், தங்குமிடத்துக்காரர் கடிதம், பக்கத்து ஆஸ்பத்திரி எது, எவ்வளவு தூரம் என்று ஒரு தாள். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். அதே வரிசையில் அடுக்கிக் கொடுத்ததும் மேசைக்காரர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்து ஆகிவிட்டது.

பெற்றோர் கடிதம் தனிக் கதை. ஒரு பையன் கொண்டுவந்த கையெழுத்து அவ்வளவு அழகாக, நிறுத்தி நிதானமாக இருந்தது. அவன் அப்பா ரேங்க் கார்டில் கிறுக்குவது எனக்குத் தெரியும். ஃபோன் போட்டால், அவருக்கு டூர் என்ற ஒன்றே தெரியாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள். இன்னொரு பிள்ளையின் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) நேரிலேயே வந்துவிட்டார். "ஏனுங் சார், புலி கிலி வருமாங்?" என்று கேட்டார். காட்டுக்குள் தங்கப் போவதில்லை, ஊரை ஒட்டிய தென்னந்தோப்பில்தான் கூடாரம் என்று சொன்ன பிறகுதான் டீ குடித்தார்.

அந்தத் தோப்பில்தான் அடுத்த பாடு. வாடகைக் கூடாரங்கள் சாயங்காலம் நேராகத் தோப்புக்கே வந்து இறங்கின. பிள்ளைகள் ஆசையாக மரத்தடியில் விரிக்கப் போனபோது தோட்டத்து ஆள் ஓடிவந்தார். "அங்க வேண்டாஞ்சாமி, ராத்திரி மட்டை விழுந்தா என்னாகும்? காயும் விழுகும்." சரி என்று கொப்பரை காயவைக்கும் களத்துக்கு மாறினோம். அது சிமென்ட் தளம். முளைக்குச்சி எப்படி இறங்கும்? காற்று வேறு விடாமல் அடித்தது. எழுந்து நின்ற முதல் கூடாரம் களத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது, பின்னாலேயே நான்கு பையன்கள். கடைசியில் ஒரு விவசாயி வீட்டுப் பெண்தான் வழி சொன்னாள். காலி உரச்சாக்குகளில் மண் அள்ளிப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கூடாரக் கயிற்றை அதில் முடிச்சுப் போட்டார்கள். இரவு முழுக்க ஒன்றும் அசையவில்லை.

இரண்டு பைகளில் கம்பியே இல்லை. அந்தக் கூடாரங்களுக்கான பிள்ளைகள் தோப்பு வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள். அவர்கள்தான் நன்றாகத் தூங்கினார்கள் என்பது வேறு விஷயம். திருப்பிக் கொடுக்கும்போது வாடகைக்காரர் கம்பியைத் தொலைத்தது நாங்கள்தான் என்று அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார். பை பிரித்த நேரத்தில், "சார், இதுல கம்பியக் காணோம்" என்று கூவியதோடு எங்கள் கணித டீச்சர் வீடியோவும் எடுத்திருந்தார். நேரத்தோடு இருந்தது. அதை அனுப்பினேன். பதில் இல்லை. சாயங்காலம் கூகுள் பேயில் அட்வான்ஸ் முழுதாக வந்து சேர்ந்தது, கம்பியில்லாத இரண்டு கூடாரங்களின் வாடகையும் சேர்த்து.