அவர் பக்கத்து விசில்

பள்ளி, கல்லூரி பாஸ்கெட்பால் மேட்ச்களில் பத்து வருடத்துக்கு மேலாக ரெஃப்ரியாக நிற்கிறேன். எங்கள் ஊர் மேட்ச்களில் பெரும்பாலும் இரண்டு பேர்தான். கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். இருவரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற எட்டு பேரை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் பங்கு பிரித்துக்கொள்வோம். ரிங்குக்குக் கீழே, கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனில் நிற்கும் ரெஃப்ரி லீட், பந்துக்குப் பின்னால் வருபவர் டிரெயில்.

ஆரம்பத்தில் ஒரு மேட்ச். நான் லீட். மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே, டிரெயிலுக்கு மூன்றடி முன்னால், தடுக்க வந்த பையனின் கை நீண்டது. விசில் ஊதிவிட்டேன். டிரெயில் வாயில் விசில் அப்படியே இருந்தது. கை பந்தில் மட்டும் பட்டதை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். "கிட்ட நிக்கிறவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா சார்?" என்று கோச் கேட்டார். நியாயமான கேள்வி. அதைவிட மோசம், நான் அங்கே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் காலடியில் இரண்டு பையன்கள் இடுப்பால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

ஒரு ரெஃப்ரி தன் பொறுப்பில் எடுத்த முடிவை இன்னொருவர் ரத்து செய்யவோ கேள்வி கேட்கவோ முடியாது என்கிறது ஃபீபா, அதாவது சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பின் விதி. விசில் ஊதாமல் விடுவதும் ஒரு முடிவுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் நடந்தது அடுத்த தவறு.

அந்த மேட்சில் நான் டிரெயில். ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் விழாமல் திரும்பிய பந்துக்கு, குதித்தவனின் முழங்கை ஒரு பையனின் வாயில் இறங்கியது. லீட் நின்ற இடத்திலிருந்து இரண்டு உயரமான முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைத்தன. எனக்கு அந்த இடைவெளி திறந்தே இருந்தது. அவர் பங்கு என்று ஊதாமல் விட்டேன். பையன் உதட்டு ரத்தத்தை ஜெர்ஸியில் துடைத்துக்கொண்டு மறுபக்கம் ஓடினான். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் இப்போது மேட்சுக்கு முன் பார்ட்னரிடம் பேசிவிடுகிறேன். டிராவலிங் (பந்தைத் தட்டாமல் நடப்பது), மூன்று செகண்ட் (எதிரணி ரிங்குக்கு முன்னால் அதற்கு மேல் நிற்பது), லேசான கைபடல் எல்லாம் அவரவர் பங்கு, நான் தொடமாட்டேன். அவர் பக்கத்தில் பந்து வெளியே போனால், அவர் என்னைப் பார்த்தால்தான் கை காட்டுவேன். ஆனால் முரட்டு அடி விழுந்து, அவருக்கு மறைத்து, எனக்குத் தெளிவாகத் தெரிந்தால் ஊதுவேன். அதுவும் உடனே இல்லை. அவர் விசிலுக்கு ஒரு மூச்சு நேரம் காத்திருந்துதான். இருவரும் சேர்ந்து ஊதிவிட்டால் முஷ்டியை உயர்த்தியபடி கண்ணைப் பார்த்துக்கொள்வோம். யார் பங்கோ அவர் ஸ்கோர் எழுதும் டேபிளுக்குச் சொல்லப் போவார்.

போன ஞாயிறு ஒரு புதுப் பையன் என்னோடு ரெஃப்ரியாக நின்றான். கடைசி குவார்ட்டரில் அவன் பங்கில், ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து பந்தைப் போடும் லே-அப் போனவனின் தோளில் விழுந்த அடிக்கு நான் ஊதினேன். மேட்ச் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அவனே வந்து சொன்னான்: "அண்ணே, எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிஞ்சது."